முதலில் காதைத் திறவுங்கள்: மனநிலையையும் ஒலியையும் நம்பி எடுக்கும் மாணவர் குறும்படங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்களுக்கு எப்படியும் ஒரு பருவத்தில் இந்தப் பயிற்சி வந்துவிடும்: ஐந்து நிமிடத்துக்குள் ஒரு படம், வசனம் குறைவாக, காட்சியின் மனநிலையும் ஒலியுமே கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களாக இப்படிப்பட்ட படங்களுக்கு ஒலிப்பதிவிலும் எடிட்டிலும் உதவி வருகிறேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

'மூட்' முக்கியம் என்கிறார்கள். அது என்ன, சோகம், பயம் மாதிரியா?

'சோகம்' என்று எழுதிக்கொண்டு ஷூட்டிங் போனால் கேமராவை எங்கே வைப்பது என்றே தெரியாது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியைக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை உள்ளே நடந்து பார்க்கும்போது வரும் உணர்வு என்று எழுதிப் பாருங்கள். உடனே கண்ணுக்கு ஏதோ தெரிகிறது. காலண்டர் மாட்டியிருந்த சதுரம் மட்டும் புதுப் பெயின்ட் மாதிரி இருக்கும். கட்டிலும் பீரோவும் போய்விட்டதால் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். பக்கத்து வீட்டு டிவி, நேற்று வரை கேட்காதது, இன்று கேட்கும்.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள்களைச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருப்பவை கருப்பொருள். அந்தப் பட்டியலில் மரம், விலங்கோடு பறவையும் பறையும் யாழும் இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் சத்தம் உண்டு. உணர்வு, அதாவது உரிப்பொருள், மூன்றாவதாக வருகிறது. பாலைக்கு நண்பகல், பிரிவு. நெய்தலுக்குக் கடற்கரை, பொழுது சாயும் நேரம், இரங்கல். பள்ளியில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிறோம். ஒரு குறும்படத்துக்கான திட்டத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இடம், நேரம், அங்கே இருக்கும் சத்தம் மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் உணர்வு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாணவர்கள் பெரும்பாலும் உணர்வை முதலில் முடிவு செய்துவிட்டு, எடிட்டில் நீல நிறத்தையும் பியானோவையும் போட்டு அதை ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். அது ஒட்டாது.

கதையே கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கதையைத் தேடாதீர்கள். ஓர் இடத்துக்குப் போய் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். பிறகு கேட்டதையெல்லாம் எழுதுங்கள்: எது விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, எது விட்டுவிட்டு வந்தது, எது ஒரே ஒருமுறை மட்டும் கேட்டது. மூன்றாவது வகையில்தான் கதை ஒளிந்திருக்கும்.

தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்களுக்கு மாணவர்களை அடிக்கடி அனுப்புவேன். மந்தைவெளி, கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர் எதுவானாலும் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். அவ்வளவு பெரிய கான்கிரீட் கூடத்தில் ஆள் மிகக் குறைவு. ஒரு புறா இறக்கை அடித்தால் கூடமே அடிக்கிற மாதிரி இருக்கும். அறிவிப்பு எதிரொலியில் குழைந்து பாதிச் சொல் புரியாது. அங்கே போய் உட்கார்ந்த ஒரு மாணவி, யாரோ ஒருவர் மேல்தளத்தில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதை மட்டும் பத்து நிமிடம் கேட்டாள். ஆளைக் கடைசிவரை பார்க்கவில்லை. அவள் படம் அந்தச் செருப்புச் சத்தத்திலிருந்துதான் பிறந்தது. மறதி நோய் வந்த தாத்தா ஒருவர் தினமும் ஒரே வண்டிக்குக் காத்திருக்கும் கதை. தாத்தாவின் முகத்தை நாம் பார்ப்பது நான்காவது நிமிடத்தில்தான். அதுவரை செருப்புதான்.

இப்படிப்பட்ட படத்துக்கு ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

தாளின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் பார்ப்பது, வலது பக்கம் கேட்பது. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்றை அடித்துவிடுங்கள். குக்கர் விசில் கேட்கிறது என்றால் குக்கரைக் காட்டத் தேவையில்லை. விசிலைக் கேட்டும் எழுந்து போகாத அம்மாவின் முகத்தைக் காட்டலாம்.

கேமரா வாங்க வசதி இல்லை. போன் போதுமா?

போதும். ஆனால் தானியங்கி அமைப்பில் விடக் கூடாது. வெளிச்சம், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நடிகர் ஜன்னலைத் தாண்டும்போது படம் தானாகக் கறுத்து வெளுக்கும், நீங்கள் கட்டிய மனநிலை அங்கேயே உடையும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச செயலியில் இவை எல்லாமே கையால் அமைக்கலாம்.

முக்கியமாக ஃபிரேம் வேகம். பல போன்கள் நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/60 நொடி என்று வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான டியூப்லைட்டும் எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/60இல் எடுத்தால் அந்தத் துடிப்பு படத்தில் அலை அலையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று, சென்னைக்கே உரியது. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். ஈரப்பதம் அப்படி. துடைத்தால் மறுபடி படியும். காலை ஷூட்டிங் என்றால் முந்தின இரவு கேமராவை ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். இல்லையென்றால் பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறவுங்கள்.

சென்னை வெயிலில் 'சினிமாட்டிக்' ஆக எடுக்க முடியவில்லையே?

இந்த ஊர் வெளிச்சத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் இல்லை. அதன் நேரம் தெரிந்தால் போதும்.

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் விழாது. அந்த வெளிச்சத்தில் முகத்தை எடுத்தால் கண் இரண்டும் கறுப்புக் குழியாகிவிடும். முகம் வேண்டும் என்றால் திண்ணை, மாடிப்படி, தகரக் கூரையின் ஓரம் என்று ஒதுங்குங்கள். தரையில் பட்டு எழும் வெளிச்சம் கீழிருந்து முகத்தை நிரப்பும். நிரப்பாவிட்டால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் போதும். அதே வெயில் பாலையின் மனநிலைக்கு அற்புதமானது. ஆள் இல்லாத தெரு, மூடிய கதவுகள், தார் ரோட்டிலிருந்து எழும் கானல். பிரிவைச் சொல்ல இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

நம் கடல் கிழக்கே இருக்கிறது. இதை மறந்துவிட்டு 'கடலில் சூரியன் மறையும் ஷாட்' என்று ஸ்டோரிபோர்டில் வரைந்து வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மெரினாவில் கடலுக்கு முன்னால் நிற்பவரைக் கறுப்பு உருவமாக எடுக்க வேண்டுமானால் அதிகாலை. மாலையில் வெயில் ஊர்ப்பக்கமிருந்து வந்து கடலைப் பார்த்து நிற்பவர் முதுகில் விழும். திரும்பி நின்றால் முகம் தங்கமாக இருக்கும். சூரியன் இறங்கியபின் நீல வெளிச்சம் 20, 25 நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் மூன்று ஷாட் கிடைத்தால் நல்ல நாள்.

என்னைக் கேட்டால் மாணவர் படத்துக்குச் சிறந்த பருவம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை மேகம் முழு வானத்தையும் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு பெரிய பட்டர் பேப்பராக மாற்றிவிடும். சுவர்களில் ஈரம் ஏறி நிறம் ஆழமாகும். ஒரு லைட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

இரவுக் காட்சியில் பழைய படங்களில் வரும் ஆரஞ்சு நிறம் வரமாட்டேன் என்கிறதே?

அது சோடியம் ஆவி விளக்கின் நிறம், சுமார் 2000 கெல்வின். தெருக்களில் இப்போது பெரும்பாலும் வெள்ளை எல்.இ.டி.தான். ஆரஞ்சு வேண்டுமென்றால் டீக்கடையின் குண்டு பல்பு, தள்ளுவண்டி இட்லிக்கடை, கோயில் வாசலில் விளக்கு விற்பவர் என்று தேடிப் போங்கள். வெள்ளைத் தெருவில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி, பழைய முழு ஆரஞ்சுத் தெருவைவிட அழகாக இருக்கும்.

லைவ் சவுண்டா, டப்பிங்கா?

தமிழ் சினிமாவில் டப்பிங் நீண்ட காலப் பழக்கம். ஷூட்டிங்கில் வழிகாட்டிக்காக மட்டும் பதியும் ஒரு பைலட் டிராக், பிறகு டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து உதட்டுக்குப் பேசுவது. அந்த வேலைக்குத் தனி அறை, அனுபவம், பொறுமை எல்லாம் வேண்டும். முதல் படம் எடுக்கும் மாணவர் நடிகர்களை மறுபடி பேசவைத்தால் நடிப்பின் மூச்சு போய்விடும். ஒருவர் அழும் முன் எச்சில் விழுங்குவது, நாற்காலியில் நகர்வது இதையெல்லாம் டப்பிங்கில் திரும்பக் கொண்டுவருவது கடினம். ஆகவே லைவ்.

காலர் மைக் ஒன்றும் சிறிய ரெக்கார்டர் ஒன்றும் போதும். ரெக்கார்டர் வாடகைக்கு வடபழனி, சாலிகிராமம் பக்கம் கிடைக்கும். கேபிள், கன்வெர்ட்டர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் இருக்கட்டும். மீட்டர் சிவப்பைத் தொட்டால் அந்த ஒலி திரும்ப வராது. படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த, கிளாப் பலகை இல்லாவிட்டால் கையைத் தட்டுங்கள். யாராவது ஒருவர் ஹெட்போனைக் காதை விட்டு எடுக்காமல் இருக்க வேண்டும்.

கடற்கரையில் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, முடி வைத்த உறை வேண்டும். கோடையில் முற்பகல் கடந்ததும் கடற்காற்று ஏறும். அதனால் பெசன்ட் நகரில் பேச்சுக் காட்சி என்றால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கம் விமானம். ஆடி மாதம் என்றால் எந்தத் தெருவிலும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. கோபப்பட்டுப் பயனில்லை, நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

'ரூம் டோன்' எடு என்கிறார்கள். எதுவும் நடக்காத சத்தத்தை ஏன் பதிய வேண்டும்?

எதுவும் நடக்காத சத்தம் என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேன், தூரத்து வண்டிகள், பக்கத்து வீட்டு மோட்டார், காகம் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய திரை மாதிரி இருக்கும். இரண்டு வசனத்துக்கு நடுவே வெட்டும்போது அந்தத் திரை கிழியும். கிழிந்த இடத்தைத் தைக்க அதே துணி வேண்டும். ஒவ்வொரு அறையிலும், எல்லாரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் பதியுங்கள். காலையும் மாலையும் வேறு வேறு.

பதியும்போது ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். இங்கே ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒருமுறை திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, போட மறந்து கிளம்பிவிட்டோம். அந்த வீட்டுப் பாட்டி மறுநாள் தோசைக்கு அரைத்து வைத்திருந்த மாவும் பாலும் வீணாகிவிட்டன. நம்பி வீட்டைத் திறந்துவிட்டவருக்கு அப்படிச் செய்தது இன்றும் மனசை உறுத்துகிறது. அப்புறம் எங்கே போனாலும் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். சாவியை எடுக்கத் திறந்தாக வேண்டும், திறந்தால் விளக்கு எரியவில்லை என்று தெரியும்.

தூரத்தில் நடப்பதன் சத்தத்தைக் காட்சியோடு சரியாகப் பொருத்த வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஏற்கெனவே நல்ல ஒலிக்கலைஞர்கள். சென்னை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி ஒரு மீனவர் படகில் சுத்தியல் அடித்தால், அடி கண்ணில் விழுந்து 7 ஃபிரேம் கழித்துத்தான் சத்தம் காதுக்கு வரும். காசிமேட்டில் எடுத்த ஒரு காட்சியில் மாணவர்கள் அதைத் தப்பு என்று நினைத்து இழுத்துப் பொருத்திவிட்டார்கள். பொருத்தியதும் அந்தத் தூரமே போய்விட்டது. படகு பக்கத்தில் இருக்கிற மாதிரி ஆயிற்று. பழையபடி தள்ளி வைத்ததும் கரையில் நிற்கும் பையனுக்கும் படகில் இருக்கும் அப்பாவுக்கும் நடுவே இருக்கும் வெளி திரும்ப வந்தது. அந்தப் படமே அந்த வெளியைப் பற்றியதுதான். தள்ளி வையுங்கள்.

ஃபோலி, அதாவது படத்துக்கு ஏற்ற சின்னச் சின்னச் சத்தங்களைப் பிறகு செய்து பதிவது, வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. இரவு இரண்டு மணிக்கு மேல், ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, படத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். முறத்தில் அரிசியை மெதுவாக இரண்டு பக்கமும் சாய்த்தால் சின்ன அலை. எண்ணெயில் அப்பளம் பொரியும் சத்தத்தை சுருதி குறைத்துக் கேட்டால் தகரக் கூரையில் மழை. பழைய பட்டுப்புடவையை மைக்குக்குப் பக்கத்தில் உரசினால் திரையில் நடப்பவருக்கு வயது கூடும். ஆனால் சென்னையில் எளிதாகக் கிடைப்பதைப் போலியாகச் செய்ய வேண்டாம். உண்மையான மழை வருடத்தில் இரண்டு மாதம் வருகிறது, போய்ப் பதியுங்கள்.

ஒலிக்கும் காலம் உண்டு என்பதையும் பாருங்கள். குயில் அதிகம் கூவுவது கோடையில். மார்கழிக் காலையில் நடக்கும் காட்சிக்கு இணையத்தில் இறக்கிய 'காலைப் பறவைகள்' கோப்பைப் போட்டு, அதில் குயிலும், இன்னும் மோசமாக, ஐரோப்பியப் பறவையும் கூவினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ பொய் என்று படும். நம் தெருவுக்குக் காகமும் அணிலும் போதும்.

பின்னணி இசைக்கு சினிமா பாட்டைப் போடலாமா?

வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம்: யூடியூபில் ஏற்றியதும் அடையாளம் கண்டுவிடும், திரைப்பட விழாக்களும் அனுமதிக் கடிதம் கேட்கும். இந்தியச் சட்டத்தில் இயற்றியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். தியாகராஜர் மறைந்தது 1847, பாரதியார் மறைந்தது 1921. அவர்கள் பாடல்களை உங்கள் தோழியைப் பாடவைத்துப் பதியலாம். வேறொருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதை எடுக்கக் கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம், தெரிந்த பாட்டு தன் படத்தின் நினைவையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதே. உங்கள் காட்சி அதற்கு வாடகை வீடாகிவிடும். முதல் எடிட்டை இசையே இல்லாமல் முடியுங்கள். ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, தேவைப்படும் இடம் பிறகு தானாகத் தெரியும். பல சமயம் இரண்டு இடத்துக்கு மேல் இருக்காது.

வசனமே இல்லாமல் எடுத்தால் புரியுமா?

கமல்ஹாசன் நடிக்க, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி 1987இல் வந்த 'பேசும் படம்' முழுநீளமும் வசனம் இல்லாமல் ஓடியது. அதில் ஊரின் சத்தம் எல்லாம் இருந்தது, பேச்சு மட்டும்தான் இல்லை. மாணவர் படங்களில் வசனத்தை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்க இசையால் மூடிவிடுகிறார்கள். அதனால்தான் புரியாமல் போகிறது.

அனுமதி?

ரயில் நிலையத்தில் படம் எடுக்கத் தெற்கு ரயில்வேயிடமும், மெட்ரோவில் மெட்ரோ நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். கடற்கரையில் முக்காலி போட்டு ஆள்களை நிறுத்துவதாக இருந்தால் காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் முன்பே கேளுங்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கல்லூரிக் கடிதம் எப்போதும் கையில் இருக்கட்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. விமான நிலையத்தைச் சுற்றி அந்த மண்டலம்தான். மொட்டை மாடியே நல்ல உயரம். மக்களின் முகத்தை எடுத்தால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். டீக்கடையில் எடுத்தால் எல்லாரும் அங்கேயே டீ குடியுங்கள்.

எடிட் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு சோதனை. படத்தைச் சத்தம் இல்லாமல் ஒருவருக்குக் காட்டுங்கள். படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் இன்னொருவருக்குப் போடுங்கள். இருவரும் ஒரே கதையைச் சொன்னால் ஒலி வெறும் துணைக்கு நிற்கிறது. இரண்டு பேர் சொன்னதும் வேறு வேறாக இருந்து, சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

வெட்டுகளைப் பொறுத்தவரை, அடுத்த காட்சியின் சத்தத்தை இரண்டு மூன்று நொடி முன்னால் கொண்டுவந்து பாருங்கள். தூங்கும் பெண்ணின் முகத்தில் இருக்கும்போதே மின்சார ரயில் கேட்கத் தொடங்கினால், அவள் எழும் முன்பே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெட்டு, நிறம், ஒலி மூன்றும் ஒரே இடத்தில் முடியும். கலவையை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த (பேஸ்) ஒலி கேட்காது. உங்கள் படத்தின் பயம் முழுக்க ஓர் உறுமலில் இருந்தால், போனில் பார்ப்பவருக்கு வெறும் இருட்டுதான் கிடைக்கும். கல்லூரி அரங்கிலும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அங்கே எதிரொலி பேச்சைத் தின்னும்.

குழுவில் எல்லாருக்கும் கேமராதான் வேண்டும். சவுண்டுக்கு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஒலியைக் கடைசியாக மிச்சம் இருப்பவரிடம் தள்ளினால் அவர் மிச்சம் இருப்பவர் மாதிரியேதான் வேலை செய்வார். கதை பேசும் முதல் நாளே ஒருவரை நியமித்து, லொகேஷன் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். டைட்டிலில் அவர் பெயர் ஒளிப்பதிவாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் வரட்டும். வாரம் ஒருவர் என்று சுழற்றியும் பார்க்கலாம். ஒருமுறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் தெருவைக் கேட்ட ஒளிப்பதிவாளர் அடுத்த வாரம் கேமராவை வேறு இடத்தில் வைக்கிறார்.

படம் முடிந்துவிட்டது. பதிந்த ஒலிகளை அழித்துவிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். இரண்டு வேறு டிஸ்கில் பிரதி எடுத்து, இடம், மாதம், நேரம் என்று பெயரிட்டு வையுங்கள்: 'மந்தைவெளி, ஐப்பசி, காலை 5.40, பால் வண்டி'. 'ஆடியோ 037' என்று விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது: ஒரு பழைய ஓட்டு வீட்டுக் கிணற்றில் ராட்டினம் சுற்றும் சத்தம், நாற்பது நொடி. ஒரு மாணவர் தன் படத்தில் பயன்படுத்தாமல் விட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. போன வருடம் வேறொரு மாணவி தன் பாட்டியைப் பற்றி எடுத்த படத்துக்குக் கிணற்றுச் சத்தம் தேடி அலைந்தபோது, அதைத்தான் கொடுத்தேன்.